நிமிடத்துக்கு அறுபத்து நான்கு

பன்னிரண்டு பேருடைய இதயமும் ஒரே நொடியில் துடிப்பதைத் திரையில் பார்த்தபோது, கம்பியில்தான் ஏதோ கோளாறு என்று தாரணி நினைத்தாள்.

கோயம்புத்தூர் காளப்பட்டி சாலையில் இருந்த அந்தப் பரிசோதனைக்கூடத்தில் அவளுக்கு அது பதினோராவது வருடம். உலகத்தின் எந்த மூலையிலிருந்து புதிய கைக்கடிகாரம் வந்தாலும், அது காட்டுகிற எண்கள் சரிதானா என்று பார்த்துச் சொல்வது அவள் வேலை. ஆட்களை வரவழைத்து, கையில் கடிகாரத்தைக் கட்டி, நெஞ்சில் மின்முனைகளை ஒட்டி, டிரெட்மில்லில் ஓடவிடுவாள். நெஞ்சு சொல்வதையும் கடிகாரம் சொல்வதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதுவாள். வருடத்துக்கு ஒரு முறை, வீட்டிலும் அலுவலகத்திலும் எல்லோரும் கட்டுகிற அன்றாடக் கடிகாரத்தையும், ஓட்டக்காரர்கள் மட்டும் கட்டுகிற விளையாட்டுக் கடிகாரத்தையும் ஒப்பிட்டு ஒரு பெரிய அறிக்கை வெளிவரும். எந்த நாட்டில் எது அதிகம் விற்கிறது, எது எத்தனை நாள் மின்சாரம் தாங்குகிறது, எது தூரத்தைச் சரியாக அளக்கிறது என்பதெல்லாம் அதில் இருக்கும்.

சமீப வருடங்களில் அந்த அறிக்கையை எழுதுவதில் சுவாரசியமே இல்லாமல் போயிருந்தது. போட்டி முடிந்துவிட்டது. மூன்று வருடத்துக்கு முன்னால் அன்றாடக் கடிகாரத்தின் அடியில் மிளகளவு ஒரு குமிழ் வந்தது. அது மணிக்கட்டின் உள்பக்கத்தை மெல்லத் தட்டும். இதயம் எவ்வளவு வேகமாக அடிக்கிறதோ அதைவிடக் கொஞ்சம் நிதானமாகத் தட்டும். இதயம் அதன் பின்னால் போகும். கோபம் அடங்கும், படபடப்பு அடங்கும், படுத்தால் தூக்கம் வரும். சியோலிலும் சாவோ பாலோவிலும் பத்துக் கைகளில் எட்டில் அது ஏறியது. கோயம்புத்தூரில் பூமார்க்கெட் அம்மாக்கள் முதல் கல்லூரி முதல்வர்கள் வரை எல்லோரும் அதைத் ‘தட்டுற வாட்ச்’ என்றார்கள். மற்றது ‘ஓட்டக்கார வாட்ச்’. அது தட்டாது, சமாதானம் சொல்லாது. இருப்பதைக் காட்டும், அவ்வளவுதான். அது விற்கிற நாடுகளின் பட்டியல் வருடா வருடம் சுருங்கி, இப்போது கடைசிப் பக்கத்தின் அடியில் இரண்டு வரியாகியிருந்தது.

தாரணி கட்டியிருந்தது ஓட்டக்கார வாட்ச். வாரத்தில் மூன்று நாள் விடிந்ததும் ஓடுகிறவள். கீறல் விழுந்த அந்தப் பழைய கடிகாரத்துக்கு மூன்று வாரத்துக்கு ஒரு தடவை மின்சாரம் ஏற்றினால் போதும் என்பதே அவளுக்குப் பெரிய சௌகரியம். தட்டுற வாட்ச் வேண்டாம் என்று அவள் கொள்கையாக ஒன்றும் வைத்திருக்கவில்லை. சோதிக்கிறவள் சோதிக்கப்படுகிற பொருளைக் கட்டக்கூடாது என்று கூடத்தில் ஒரு விதி இருந்தது.

“மேடம், ஒரே சிக்னல் பன்னெண்டு சேனல்லயும் வருதுங்க,” என்றார் அருள்தாஸ். கருவிகளைப் பார்த்துக்கொள்கிறவர், அவளைவிட வயதில் மூத்தவர். “போர்டு போயிருச்சாட்ட இருக்குது.”

போர்டை மாற்றினார்கள். அதேதான். கம்பிகளை மாற்றினார்கள். அதேதான். மூன்று பேரைப் பக்கத்து அறையில் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினார்கள். பன்னிரண்டு கோடுகளும் ஒன்றாக எழும்பி ஒன்றாக இறங்கின. நிமிடத்துக்கு அறுபத்து நான்கு.

வங்கியில் வேலை பார்க்கிற ஒரு பெண்ணை மாடிப்படி ஏறி இறங்கச் சொன்னாள் தாரணி. அந்தப் பெண்ணின் கோடு மட்டும் பிரிந்து நூற்றிப் பத்து வரை போனது. வந்து உட்கார்ந்ததும் இறங்க ஆரம்பித்தது. எழுபது, அறுபத்தெட்டு, அறுபத்தைந்து. அணிவகுப்பில் வந்து சேர்ந்துகொள்கிறவர் காலை மாற்றிப் போட்டு மற்றவர்களோடு அடி சேர்ப்பது போல, ஒரு சின்னத் தடுமாற்றம் தெரிந்தது. பிறகு மற்ற பதினொன்றோடு சேர்ந்துவிட்டது.

கையில் தட்டுற வாட்சோடு நாற்காலிகளில் இருந்தவர்கள் கைப்பேசி பார்த்துக்கொண்டும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டும் இருந்தார்கள். அவர்கள் மூச்சு விடுவதைத் தாரணி அப்போதுதான் கவனித்தாள். பன்னிரண்டு மார்புகளும் ஒரே சமயத்தில் ஏறி, ஒரே சமயத்தில் இறங்கின.

தென்கொரியாவில் பூசான் நகரத்தில் அவர்களைப் போலவே ஒரு கூடம் இருந்தது. அவர்களிடம் ஒரு நிமிடப் பதிவை, நேரக் குறிப்போடு அனுப்பச் சொல்லிக் கேட்டாள். ஒன்பது பேருடைய பதிவு வந்தது. அதைத் தன் பன்னிரண்டு கோடுகளுக்கு மேல் வைத்துப் பார்த்தாள். இருபத்தொன்றும் ஒரே கோடாகத் தெரிந்தன.

*

கடிகார நிறுவனத்தின் பெங்களூர் அலுவலகத்திலிருந்து நான்கு நாள் கழித்து நிரஞ்சன் என்கிற பொறியாளர் வந்தார். சேலத்துக்காரர், முப்பது வயதிருக்கும், பணிவானவர். கூடத்தின் கேன்டீனில் உட்கார்ந்து பேசினார்கள். எதையும் அவர் மறைக்கவில்லை.

“முன்ன ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா தாளம் கணக்குப் போட்டுட்டு இருந்தோங்க. அப்புறம் ஒண்ணு தெரிஞ்சுது. பக்கத்துல பக்கத்துல இருக்கறவங்க ஒரே தாளத்துல இருந்தா மனசு சீக்கிரமா அடங்குது. வீட்ல நாலு பேரு நாலு தாளத்துல இருந்தா ஒருத்தர் படபடப்பு இன்னொருத்தருக்குத் தொத்திக்குது. அதனால ஏப்ரல் மாசம் எல்லாருக்கும் ஒரே தாளம்னு மாத்தினோம்.”

“எல்லாருக்கும்னா, இந்த ஊருக்கா?”

“எல்லாருக்கும்தாங்க.”

“எல்லாரையும் கேட்டீங்களா?”

“விதிமுறைல இருக்குங்க. நாப்பத்தொண்ணாவது பக்கம்.”

தாரணி சிரிக்கலாமா என்று பார்த்தாள். அவர் முகத்தில் கேலி இல்லை.

“எங்கப்பாவுக்கு ரெண்டு தடவை அட்டாக் வந்துதுங்க,” என்றார் நிரஞ்சன். “இத கட்டினதுக்கப்புறம் மூணு வருசமா ஆஸ்பத்திரிப் பக்கமே போகல. ரோட்ல சண்டை குறைஞ்சிருக்கு. வீட்ல கை நீட்டறது குறைஞ்சிருக்கு. நீங்க எங்கெங்கேயோ இருந்து புள்ளிவிவரம் வாங்கறவங்க, உங்களுக்கே தெரியும். இதுல என்ன தப்புன்னு நீங்க சொல்லுங்க மேடம், நான் மேல போய் அப்படியே சொல்றேன்.”

அவர் கேட்டது நியாயமான கேள்வியாகத்தான் இருந்தது. வேறொன்று கேட்டாள்.

“இத கழட்டினா எவ்வளவு நேரத்துல இதயம் தன்னோட தாளத்துக்குத் திரும்புது?”

“முதல் வருசம் நாலு நிமிசம் ஆச்சுங்க.”

“இப்ப?”

“இப்ப யாரும் கழட்டறதில்லையே,” என்றார் நிரஞ்சன். “குளிக்கும்போது சார்ஜ் போடறாங்க. அந்த நேரத்துல யாரும் அளக்கல.”

அப்போது தாரணியின் கைப்பேசி அடித்தது. பொள்ளாச்சியிலிருந்து அக்கா கலாமணி. தாரணிக்கு அம்மா அப்பா இல்லை. அவளுக்கு எல்லாமே பன்னிரண்டு வயது மூத்த இந்த அக்காவும், அக்கா வீட்டுக்காரர் மயில்சாமியும்தான். அவர்களுக்குக் குழந்தை இல்லாததால் தாரணியைப் படிக்கவைத்தது அவர்கள்தான்.

“கண்ணு, மாமா போயிட்டாரு,” என்றாள் அக்கா. “காலைல பத்து மணிக்கு, கடையில. பஸ்ஸு கூட்டமா இருக்கும், கார் புடிச்சு வா. மத்தியானம் சாப்பிட்டுட்டே கிளம்பு, இங்க வந்தா லேட்டாயிரும்.”

கல்யாண வீட்டுக்கு வழி சொல்வது போல இருந்தது அந்தக் குரல்.

*

மயில்சாமி பொள்ளாச்சி மகாலிங்கபுரத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். கிணற்று மோட்டார் ஒன்றைச் சங்கிலியில் தூக்கி நிறுத்தியிருந்தார்கள். அவர் அதன் அடியில் குனிந்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். சங்கிலியின் கண்ணி ஒன்று விரிந்து மோட்டார் விழுந்துவிட்டது.

இதைத் தாரணியிடம் சொன்னவர் கடையில் இருபது வருடமாக வேலை செய்கிற வேலுச்சாமி. வீட்டு வாசலில் ஷாமியானாவுக்கு அடியில் நின்று, செய்தித்தாளைப் படிப்பது போலச் சொன்னார்.

“கண்ணி விரியறத நான் பாத்தேனுங்க. அண்ணா, தள்ளிக்கங்கன்னு சொன்னேன்.”

“அப்புறம்?”

“அவருக்குக் கேக்கலயாட்ட இருக்குது. சாதாரணமாத்தான் சொன்னேனுங்க. கத்தோணும்னு தோணல.” தன் மணிக்கட்டை ஒரு முறை தொட்டுப் பார்த்துக்கொண்டார். “ரெண்டாந்தடவ சொல்றப்ப திரும்பிப் பாத்தாரு. அவசரப்படாம, மெதுவாத் திரும்பினாரு. அதுக்குள்ள விழுந்துருச்சுங்க.”

அவர் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. அவர் நல்லவர். மயில்சாமிக்காக எதையும் செய்யக்கூடியவர். அது தெரிந்ததால்தான் தாரணிக்குப் பயம் வந்தது.

உள்ளே கூடத்தில் அறுபது பேராவது இருந்தார்கள். கண்ணாடிப் பெட்டிக்குத் தலைமாட்டில் அக்கா உட்கார்ந்திருந்தாள். பெண்கள் வந்தார்கள், மாலையைப் போட்டார்கள், அக்காவின் கையைப் பிடித்தார்கள், இடம் பார்த்து உட்கார்ந்தார்கள். மின்விசிறியின் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு இன்னொரு சத்தமும் இருப்பதைத் தாரணி உணர்ந்தாள். பிளாஸ்டிக் நாற்காலிகள் லேசாக முனகின. எல்லாம் சேர்ந்து முனகின, நிறுத்தின, மறுபடி முனகின. அறுபது பேரும் சேர்ந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள்.

மாமாவின் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை வெடித்தது. அந்த வீட்டில் அவள் குரல் ஒன்றே ஒன்றாகக் கேட்டது. அறுபது தலைகளும் அவள் பக்கம் திரும்பின. யாரும் முகம் சுளிக்கவில்லை. தெருவில் யாருடைய கைப்பேசியோ வீணாக அடித்துக்கொண்டிருந்தால் திரும்பிப் பார்ப்பார்களே, அப்படித்தான் பார்த்தார்கள். பக்கத்து வீட்டு அம்மா ஒருவர் எழுந்து வந்து தண்ணீர் கொடுத்து, முதுகைத் தடவினார்.

“வாட்ச் எடுத்துட்டு வரலியா கண்ணு? என்றத வேணா கொஞ்ச நேரம் கட்டிக்கிறயா?”

அவர் உண்மையான பிரியத்தோடுதான் கேட்டார். தாரணி வேண்டாமென்று தலையாட்டிவிட்டுப் பின்கட்டுக்குப் போய், துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து அழுது முடித்தாள்.

*

ஐந்தாம் நாள் எல்லோரும் போய்விட்ட பிறகு அக்காளும் தங்கையும் மட்டும் வீட்டில் இருந்தார்கள். மதியச் சாப்பாடு முடிந்து அக்கா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

“உனக்கு ஒண்ணுமே தோணலியாக்கா?” என்று கேட்டாள் தாரணி.

அக்கா குழாயை மூடினாள். “தெரியுது கண்ணு. அவரு இல்லைன்னு தெரியுது. ஆரோ எழுதிவெச்சதப் படிச்சாப்பல தெரியுது. அவரு சட்டையெல்லாம் நேத்தே மடிச்சுக் குடுத்துட்டேன். கை நடுங்கல. நடுங்கோணும்னு எனக்கே தெரியுது. ஆனா நடுங்கல.”

“இத ரெண்டு நாளைக்குக் கழட்டி வை,” என்று அக்காவின் கையிலிருந்த தட்டுற வாட்சைத் தொட்டாள் தாரணி.

“கழட்டினா என்னாகும்?”

“அழுவ.”

“அழுதா?”

“அழணுங்க்கா,” என்று மட்டும் சொன்னாள் தாரணி. படித்த தங்கை சொன்னால் சரியாக இருக்கும் என்று அக்கா வாரைக் கழற்றி மேசையில் வைத்தாள். தாரணி தன் ஓட்டக்கார வாட்சை அவள் கையில் கட்டிவிட்டாள்.

முதல் நாள் முழுக்க அறுபத்து நான்கு. இரண்டாம் நாளும் அறுபத்து நான்கு. தட்டுவதற்கு ஒன்றும் இல்லாத கையில் இதயம் தானாகவே அந்தத் தாளத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. தாரணி ஒவ்வொரு மணிக்கும் எண்ணைக் குறித்துவைத்தாள். நான்கு நிமிடமாக இருந்தது மூன்று வருடத்தில் நாற்பத்தெட்டு மணி நேரத்தைத் தாண்டியிருந்தது. அறிக்கைக்கு இது முக்கியமான தகவல் என்றுகூட அவளுக்குத் தோன்றியது. பிற்பாடு அதை நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு வெட்கமாக இருக்கும்.

மூன்றாம் நாள் காலை பதினொரு மணிக்கு, அக்கா சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கை நின்றது. முறத்தையே பார்த்தாள். தொண்ணூறு. நூற்றி முப்பது. அக்காவின் வாயிலிருந்து வந்த சத்தத்தைத் தாரணி அதற்கு முன் கேட்டதில்லை. எட்டு நாளும் சேர்ந்து ஒரே நேரத்தில் வந்தது. நூற்றி எழுபத்தொன்று. முறத்தைத் தள்ளிவிட்டு அக்கா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தாள்.

தெருக்காரர்கள் வந்தார்கள். உதவினார்கள். ஒருவர் நடந்து போய் ஆட்டோ கூட்டிவந்தார். “ஓடுங்க, சீக்கிரம்,” என்று தாரணி கத்தியபோது, அவர் புரிந்தவர் போலத் தலையசைத்துவிட்டு அதே வேகத்தில் நடந்தார்.

மருத்துவமனையில் டாக்டரம்மா கடுமையாகப் பேசவில்லை. அவர் கையிலும் தட்டுற வாட்ச் இருந்தது.

“இதயத்தோட ஒரு பக்கம் பலூனாட்டம் உப்பியிருக்குதுங்க. பெரிய துக்கத்துல சில பேருக்கு இப்படி ஆகும். மூணு வருசமா உட்கார்ந்த இடத்துல எழுபதையே தாண்டாத இதயம். ஒரே அடியா நூத்தி எழுபதுக்குப் போனா எப்படித் தாங்கும்? எதுக்குங்க கழட்டினீங்க?”

“அழறதுக்குத்தான்,” என்றாள் தாரணி.

டாக்டரம்மா அக்காவின் கையில் தட்டுற வாட்சைக் கட்டினார். பதினோரு நிமிடத்தில் திரையில் அறுபத்து நான்கு வந்தது. அக்கா கண்ணைத் திறந்து, “வெங்காயம் காஞ்சிருக்கும், எடுத்து வெச்சயா?” என்று கேட்டாள்.

*

தாரணி அறிக்கையை எழுதினாள். எதையும் விடவில்லை. பன்னிரண்டு கோடுகள், பூசான், நாற்பத்தெட்டு மணி நேரம், பெயர் சொல்லாமல் ஒரு சங்கிலியும் ஒரு மோட்டாரும். ‘அன்றாட வாழ்வுக்கு எது ஏற்றது’ என்று வழக்கமாக இருக்கும் பகுதியில், ‘இந்தக் கேள்விக்கு இந்த வருடம் எங்களால் பதில் சொல்ல முடியவில்லை’ என்று எழுதினாள்.

நிறுவனம் அவள்மேல் வழக்குப் போடவில்லை, மிரட்டவுமில்லை. நிரஞ்சன் நன்றி சொல்லி ஒரு கடிதம் அனுப்பினார். அடுத்த மாதம் அவிநாசி சாலையில் பெரிய விளம்பரப் பலகை ஒன்று எழுந்தது. கடற்கரையில் வெறும் கையோடு நிற்கிற ஒரு குடும்பத்தின் படம். ‘கழற்றினாலும் இரண்டு நாள் நிம்மதி. சுயேச்சையான ஆய்வில் நிரூபணம்.’ அந்தப் பலகைக்குக் கீழே சிவப்பு விளக்கில் நின்ற வண்டிகள், பச்சை விழுந்ததும் ஒரு ஹாரன் சத்தம்கூட இல்லாமல் ஒன்றாக நகர்ந்தன. உலகத்தின் மற்ற நகரங்களிலும் அந்தப் படம் அந்தந்த மொழியில் வந்தது.

அக்கா இப்போது கோயம்புத்தூரில், சரவணம்பட்டியில் தாரணியின் வீட்டில் இருந்தாள். இதயம் சரியாகிவிட்டது என்று டாக்டரம்மா சொன்ன மறுநாள், அவளாகவே கேட்டாள்.

“கண்ணு, அன்னிக்கு வெங்காயம் உரிக்கறப்ப வந்துதே. அது மறுக்கா வேணும்.”

“உசுரு போயிருக்கும்க்கா.”

“ஒரேயடியா வேண்டாம். கொஞ்சங் கொஞ்சமா.” அக்கா சேலைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டே பேசினாள். “அந்தக் கொஞ்ச நேரந்தான் அவரு என்ற கிட்ட இருந்தாரு. அப்புறம் நீங்கெல்லாம் அத மூடிப்போட்டீங்க.”

டாக்டரம்மாவிடம் கேட்டு ஒரு வழிமுறை வகுத்துக்கொண்டார்கள். வெள்ளிக்கிழமை காலையில் தட்டுற வாட்சைக் கழற்றிவிட வேண்டும். ஓட்டக்கார வாட்சைக் கட்டி, நூற்றி இருபதில் மணி அடிக்கும்படி வைக்க வேண்டும். ஓட்டக்காரர்கள் மிதமிஞ்சி ஓடாமல் இருக்க வைக்கிற மணி அது. ஞாயிற்றுக்கிழமை காலையில் துக்கம் வரும். மணி அடித்ததும் தட்டுற வாட்சைக் கட்டிவிட வேண்டும்.

வந்தது. முதல் ஞாயிறு நான்கு நிமிடம். அடுத்தது ஏழு. மணி அடிக்கிற அளவை மெல்ல மெல்ல நூற்றி நாற்பது வரை ஏற்றினார்கள். அந்த நேரத்தில் அக்கா அழுதுகொண்டே பேசுவாள், சில நேரம் சிரித்துவிடுவாள். மசால் தோசையில் கிழங்கு குறைவு என்று மாமா ஓட்டல்காரரோடு மல்லுக்கு நின்றது, சினிமாத் தியேட்டரில் அவள் கையைப் பிடிக்கக் கூச்சப்பட்டு டிக்கெட்டையே கசக்கிக்கொண்டிருந்தது.

“அதெல்லாம் பழசு,” என்றாள் ஒரு ஞாயிறு. “கடைசி மூணு வருசத்துல எங்களுக்குள்ள ஒரு சண்டை இல்ல. ஒரு நா அவரு ஊட்டுக்கு வரதுக்கு லேட்டானா, எங்க போனாரோன்னு ஒரு பதட்டம் இல்ல. வந்தா வந்தாரு. நான் அழறது பூரா அந்த மூணு வருசத்துக்குத்தான் தாரணி. அவரு உசுரோட இருந்த மூணு வருசம்.”

தாரணி பக்கத்தில் உட்கார்ந்து எண்ணைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அக்காவுக்குத் தைரியம் வேண்டும் என்பதால் அவள் அழமாட்டாள். அப்படித்தான் அவள் நினைத்துக்கொண்டாள்.

*

தை மாதத்து ஞாயிறு ஒன்றில் துக்கம் வரவில்லை.

காலை ஆனது, மதியம் ஆனது. அறுபத்து நான்கு. திங்கட்கிழமை தாரணி விடுப்புப் போட்டாள். அறுபத்து நான்கு. அக்கா மாமாவின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாலை நாலரை மணிக்குப் படத்தைக் கீழே வைத்தாள்.

“வரல கண்ணு. மூஞ்சியப் பாக்கறேன், மூஞ்சி மாத்தரம்தான் தெரியுது.”

“வாட்ச்ச கட்டிடலாமா?”

“அதக் கழட்டி நாலு நாளாச்சு. கட்டினா என்ன, கட்டாட்டி என்ன?”

தாரணி யோசித்தாள். அந்தத் தாளத்திலிருந்து ஒருவர் கோடு பிரிந்ததை அவள் ஒரே ஒரு முறைதான் கண்ணால் பார்த்திருந்தாள். மாடிப்படி ஏறிய வங்கிக்காரப் பெண்ணுடையது.

“அக்கா, உன்னால ஓட முடியுமா?”

“ஓடறதா? எந்தக் காலத்துல ஓடியிருக்கறேன் நான்?”

தெருக்கோடியில் ஒரு கல்லூரி மைதானம் இருந்தது. அக்கா சேலையை வரிந்து செருகிக்கொண்டு, தாரணியின் பழைய கேன்வாஸ் ஷூவைப் போட்டுக்கொண்டு வந்தாள். மாலை நடைக்காரர்கள் முப்பது நாற்பது பேர் ஓரமாகச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் இடது கால் ஒன்றாக மண்ணில் பதிந்தது, பிறகு வலது கால். ஐம்பத்தொரு வயதுப் பெண் ஒருத்தி சேலையோடு ஓட வருவதைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை, வியக்கவுமில்லை. எல்லோரும் ஒரே சமயத்தில் அரை அடி ஒதுங்கி வழிவிட்டார்கள்.

அக்கா நடந்தாள், வேகமாக நடந்தாள், பிறகு ஓடினாள். தாரணி பக்கத்திலேயே ஓடினாள். எண்பது, தொண்ணூற்றைந்து, நூற்றிப் பதினெட்டு. முதல் சுற்று முடியும்போது அக்காவின் வாயில் மூச்சு இரைந்தது. கால்பந்து கோல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். நூற்றி முப்பத்தாறு.

“மயிலு,” என்றாள். தன் கணவனைப் பெயர் சொல்லி அவள் கூப்பிட்டுத் தாரணி கேட்டதில்லை. கம்பத்தைப் பிடித்தபடியே மண்ணில் உட்கார்ந்து அழுதாள். தாரணி அவள் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டு நின்றாள். சற்று நேரத்தில் மணி அடித்தது. தட்டுற வாட்சை வீட்டிலேயே விட்டு வந்திருந்ததால், தாரணி மணியை நிறுத்திக் கடிகாரத்தை மட்டும் கழற்றினாள். மண்ணில் வைக்க மனமில்லாமல் தன் கையில் கட்டிக்கொண்டாள்.

அக்கா அழுது முடிக்கக் கால் மணி நேரம் ஆனது. முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். தங்கையின் முகத்தைப் பார்த்தவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“நீயேன் கண்ணு அழல?”

“உனக்கு ஆறுதலா இருக்கோணும்னுதான்.”

“இன்னிக்கு மட்டுமில்ல. ரெண்டு மாசமாவே நீ அழல. முன்ன எனக்குத் தெரியாம பாத்ரூம்ல போயி அழுவ, எனக்குக் கேக்கும். இப்ப அதுவும் இல்ல.”

தாரணி பதில் சொல்ல வாயெடுத்தாள். மாமா படிப்புக்குக் கொண்டுவந்து விட்டது, விடுதி வாசலில் திரும்பிப் பார்க்காமல் வேகமாகப் போனது, அந்தக் கண்ணாடிப் பெட்டி, வேலுச்சாமி சொன்னது. ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். எல்லாம் தெளிவாக, வரிசையாக, எழுதிவைத்தது போல வந்தன. கையைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தாள். அக்காவும் எட்டிப் பார்த்தாள். இத்தனை ஞாயிறுகளில் அவளுக்கும் அதைப் படிக்கத் தெரிந்திருந்தது.

அறுபத்து நான்கு.

“நீ ஒரு நாளும் அதக் கட்டினதில்லையே,” என்றாள் அக்கா.

“கட்டினதில்ல.”

எதிரே நடைக்காரர்கள் கடந்து போனார்கள். அவர்கள் மூச்சு இழுத்தபோது தன் மார்பும் ஏறியதைத் தாரணி உணர்ந்தாள். அதை நிறுத்தப் பார்த்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டாள். விட்டபோது அவர்களோடு சேர்ந்துதான் விட்டாள். பயப்பட வேண்டும் என்று தெரிந்தது. தெரிந்ததோடு நின்றுவிட்டது.

அக்கா கம்பத்தைப் பிடித்து எழுந்தாள். அவிழ்ந்த ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டாள், முந்தானையை இழுத்துச் செருகினாள். முகம் வீங்கி, மூக்கு சிவந்து, அந்த மைதானத்திலேயே அவள் ஒருத்திதான் உயிரோடு இருப்பவள் போலத் தெரிந்தாள். தங்கையின் மணிக்கட்டைக் கடிகாரத்தோடு சேர்த்துப் பிடித்தாள்.

“வா. இன்னொரு சுத்து.”

“உன்னால முடியாதுக்கா.”

“எனக்கில்ல, உனக்கு.”

அக்கா முன்னால் ஓடினாள். தாரணி பின்னால் ஓடினாள். அவள் பழகிய ஓட்டக்காரி, அக்காவின் வேகத்துக்கு அவள் இதயம் சுலபத்தில் அசையாது. தொண்ணூறு. தொண்ணூற்றிரண்டு. தங்கை பின்தங்குவதை உணர்ந்து அக்கா இரைக்க இரைக்க, திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

“என்னத் தாண்டிப் போ கண்ணு. நூத்தி நாப்பது வரட்டும், அப்பத்தான் வரும்.”